தனியாக இருக்கும் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

டிசம்பர் பிறந்தால் என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வரும். "லீவுக்கு வர்றேன்க்கா, அம்மாவுக்கு ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா? வாட்ச்சா, கேமராவா, அலெக்சாவா?" கேட்பவர்கள் பெரும்பாலும் என் சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள். என்னைக் கேட்பதற்குக் காரணம் என் அம்மா. வில்லிவாக்கத்தில், அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்-பில் வேலை பார்த்தபோது கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நான் இருப்பது தாம்பரத்தில். எண்பதை நெருங்கும் வயதிலும் "நான் எங்கேயும் வர்றதா இல்ல, என் வீடு எனக்குப் போதும்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த வீடு அவருக்கு ஒத்துழைக்க வேண்டும். அதற்காக வாங்கிப் பொருத்தியதில் எது நின்றது, எது அலமாரிக்குப் போனது என்று பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் முழுக்க அவர்களோடு இருந்து பாருங்கள். எங்கே குனிகிறார்கள், எதற்காகப் படி ஏறுகிறார்கள், இருட்டில் எந்தப் பக்கம் நடக்கிறார்கள், எந்தச் சத்தத்துக்குப் பதறி எழுகிறார்கள்? அவர்கள் உடம்பால் செய்யும் வேலை ஒன்றையாவது குறைக்கும் பொருள்தான் முதல் பரிசு. நமக்குத் தகவல் அனுப்பும் பொருட்கள் அதற்கு அப்புறம்தான். பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கேமராவை வாங்கி மாட்டிவிட்டு, அம்மா மொட்டை மாடிப் படி ஏறுவதை அமெரிக்காவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

முதலில் மோட்டார்

சென்னையில் தனி வீட்டில் இருக்கும் பெரியவர்களின் நாள் தண்ணீர் மோட்டாரைச் சுற்றித்தான் ஓடுகிறது. மோட்டார் போட்டால் டேங்க் வழிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் தண்ணீர் தெருவுக்கு ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார். கீழே தண்ணீர் சேரும் தொட்டியான சம்ப்பில் தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் ஓடினால் மோட்டாரின் காயில் எரிந்துவிடும். சந்தேகம் வந்தால் மேலே ஏறிப் பார்ப்பார்கள், மழைக்குப் பாசி பிடித்த படியில்.

இதற்குத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத் தானாக மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கன்ட்ரோலர் கிடைக்கிறது. மேல் டேங்கில் நிறைந்ததைச் சொல்ல ஒரு சென்சார், குறைந்ததைச் சொல்ல ஒரு சென்சார், சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று. டேங்க் குறைந்து, சம்ப்பிலும் தண்ணீர் இருந்தால் மட்டும் மோட்டார் ஓடும். இன்டர்நெட் வேண்டாம், செயலி வேண்டாம், அம்மா எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். என்னைக் கேட்டால் ஸ்மார்ட் வாட்ச்சைவிட இது பல மடங்கு நல்ல பரிசு.

வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். உலோகக் கம்பி தண்ணீரில் நிற்கும் வகை சென்சார் விலை குறைவு. ஆனால் நம் ஊர் போர் தண்ணீரில் கம்பியில் உப்பு படிந்து, கொஞ்ச நாளில் தப்பாகச் சொல்ல ஆரம்பிக்கும். மிதவை வைத்த சென்சார் கேளுங்கள். மோட்டாரின் மேல் இருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை எச்.பி., சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்பதெல்லாம் அதில் இருக்கும், கடைக்காரர் பார்த்துச் சரியானதைத் தருவார். ரிச்சி தெருவுக்கோ உங்கள் பகுதி எலக்ட்ரிகல் கடைக்கோ போனால் கிடைக்கும். மாடிக்கு ஒயர் இழுக்க வழியில்லை என்றால் ஒயர்லெஸ் வகையும் இருக்கிறது. பொருத்துவதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவரிடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: பழைய சுவிட்சைப் பிடுங்கக் கூடாது. கன்ட்ரோலர் கெட்டுப்போன நாளில் கையால் மோட்டார் போட ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அம்மா இப்போதும் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். நின்றதும் "ம், நின்னுடுச்சு" என்பார். அவ்வளவுதான், எழுந்து போவதில்லை.

விழுந்தால் யார் வருவார், எப்படி உள்ளே வருவார்?

எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இதுதான். இதற்கு உடனே வாட்ச்சை நினைக்கிறோம். அதற்கு முன் சில நூறு ரூபாயில் முடியும் ஒன்றைச் சொல்கிறேன்: ஒயர்லெஸ் காலிங் பெல். வாசலில் மாட்டும் அதே சாமான்தான். பொத்தானைக் குளியலறையில் ஒட்டுங்கள், ஒலிக்கும் பெட்டியை மாடி வீட்டிலோ எதிர் வீட்டிலோ சொருகுங்கள். எங்கள் வீட்டில் மாடி வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. "ஆன்ட்டி பெல்லு" என்று அந்த வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பொத்தானை நிற்கிற உயரத்தில் ஒட்டாதீர்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்டும்படி ஒட்ட வேண்டும். தண்ணீர் புகாத வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக் கணக்கு. நடுவில் கான்கிரீட் தளமும் சுவரும் வந்தால் பாதிகூட எட்டாது. ஆகவே குளியலறைக் கதவைச் சாத்தி, இரண்டு வீட்டு வாசல் கதவையும் சாத்தி அழுத்திப் பாருங்கள். பேட்டரியே தேவையில்லாத பொத்தானும் வந்திருக்கிறது. அழுத்தும் விசையிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். நல்ல யோசனைதான், ஆனால் அதை நன்றாக அழுத்த வேண்டும். விரலில் பலம் இல்லாதவர்களுக்குச் சரிப்படாது. பேட்டரி வகையே வாங்கி, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

சரி, பெல் அடித்து மாடி வீட்டுக்காரர் ஓடி வந்தார். வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள். என்ன செய்வார்?

எந்தக் கருவி விளம்பரத்திலும் இதைச் சொல்வதில்லை. தனியாக இருக்கும் பெரியவர்கள் இரவில் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், குறுக்குக் கம்பி என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் படுப்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது, அதற்காகத் திட்டாதீர்கள். தாழ்ப்பாளுக்குப் பதில், உள்ளே திருப்பிப் பூட்டவும் வெளியே சாவியால் திறக்கவும் முடிகிற நல்ல பூட்டு ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். ஒரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில், ஒன்று உங்களிடம். டிஜிட்டல் பூட்டு வாங்குவதானால் கைரேகையை மட்டும் நம்ப வேண்டாம். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், ரேஷன் கடை மெஷினில் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். எண் போட்டுத் திறக்கும் வசதியும், பேட்டரி தீர்ந்தால் திறக்கச் சாவித் துளையும் இருக்க வேண்டும். குளியலறைக்கு, அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய கொண்டி போடுங்கள். அதோடு டாய்லெட் பக்கத்தில் ஸ்டீல் கைப்பிடி ஒன்று. அதில் தொழில்நுட்பம் ஏதுமில்லை, இருந்தாலும் சேர்த்தே செய்துவிடுங்கள், ஒரே ஆள், ஒரே நாள் வேலை.

இதெல்லாம் ஆன பிறகு வாட்ச். ஆப்பிள் வாட்ச்சில், சீரிஸ் 4-லிருந்து, கட்டியிருப்பவர் விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. பலமாக விழுந்து சுமார் ஒரு நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் அதுவே அவசர எண்ணை அழைத்து, நாம் கொடுத்திருக்கும் ஆட்களுக்கும் செய்தி அனுப்பும். வயது 55-ஐத் தாண்டியதாகப் பதிவு செய்திருந்தால் தானாகவே இயங்கும். ஆனாலும் போய்ச் சரிபாருங்கள், பலர் பிறந்த தேதியைச் சரியாகக் கொடுப்பதில்லை. நாற்காலியிலிருந்து மெல்லச் சரிவதை எல்லாம் அது கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏறக்குறைய தினமும் சார்ஜ் போட வேண்டும், அதோடு ஐபோனும் வேண்டும். தினமும் நடைபோகிற, ஏற்கெனவே ஐபோன் வைத்திருக்கிற அப்பாவுக்கு அருமையான பரிசு. "வளையல் போட்ட கையில இது எதுக்கு?" என்று கேட்கிற அம்மாவுக்கு வேண்டாம். கட்டாத வாட்ச் யாரையும் காப்பாற்றாது.

இருட்டு

கட்டிலிலிருந்து குளியலறை வரை, ஆள் நடமாட்டம் தெரிந்து எரியும் சின்ன விளக்குகள் இரண்டு மூன்று. முழங்கால் உயரத்துக்குக் கீழே, மஞ்சள் வெளிச்சமாக. இரவில் சுவிட்ச் தேடித் தடவுவது இதோடு நின்றுவிடும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் எரியும் ரீசார்ஜபிள் பல்புகளை ஹாலிலும் சமையலறையிலும் போட்டுவிடுங்கள். சாதாரண ஹோல்டரிலேயே பொருந்தும்.

சமையலறை

காஸை மறந்துவிடுகிறார்கள் என்றால், பாலும் டிகாக்‌ஷன் தண்ணீரும் வைக்க மட்டுமாவது டைமர் உள்ள இண்டக்‌ஷன் அடுப்பு கொடுங்கள். அடி தட்டையான, காந்தம் ஒட்டுகிற பாத்திரங்களையும் சேர்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் அடுப்பு பெட்டியிலேயே இருக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். காஸ் கசிவு அலாரம் மாட்டுவதானால் இடம் முக்கியம். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அலாரம் தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு இலேசானது, மேலே போகும். அதற்குக் கூரை அருகே மாட்ட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் மாட்டினால் பயனில்லை.

போன்: பெட்டியைப் பிரித்த பிறகுதான் வேலை

புது போனைக் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். ஒரு மாலை உட்காருங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், மொழியைத் தமிழாக்கலாமா என்று அவர்களையே கேளுங்கள். முகப்பில் நான்கைந்து பேரின் போட்டோ மட்டும் இருக்க, தொட்டதும் அழைப்பு போக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் உள்ளே தள்ளுங்கள். தட்டச்சு செய்யச் சிரமப்படுபவர்களுக்கு கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழில் பேசி எழுதும் மைக்கைக் காட்டுங்கள். அம்மா இப்போது மளிகைக்கடை அண்ணாச்சிக்கு லிஸ்ட்டைப் பேசித்தான் அனுப்புகிறார். "கண்ணு, இது நான் சொல்றத அப்படியே எழுதுதுடி" என்று அன்று சொன்ன சந்தோஷம் எந்த வாட்ச்சிலும் வந்திருக்காது.

மாத்திரைக்கு அலாரம் வையுங்கள், ஆனால் டிங் டிங் சத்தம் வேண்டாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் நாம் பதிவு செய்த குரலையே அலாரமாக வைக்க முடியும். என் மகள், "பாட்டி, சாப்டாச்சா? இப்ப வெள்ளை மாத்திரை" என்று பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்பதும் குரலிலேயே வந்துவிடுகிறது. மாத்திரைக்கு ஏழு நாள், நான்கு வேளை பிரித்த சாதாரண பிளாஸ்டிக் பெட்டியே போதும்.

அவசர எண் 112. 2017 முதல் இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் அவசர அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் போகும், ஸ்மார்ட்போனில் பவர் பட்டனைத் தொடர்ந்து வேகமாக அழுத்த வேண்டும். எத்தனை முறை என்பதை அந்த போனின் செட்டிங்க்ஸில் பார்த்துக் காட்டுங்கள். சோதனைக்காக அழுத்திப் பார்க்காதீர்கள், உண்மையாகவே அழைப்பு போய்விடும்.

பணம் பறிக்கும் அழைப்புகள் பற்றி உட்கார்ந்து பேசுங்கள். நம் நாட்டில் எந்தப் போலீசும் வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடலாம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கும் வசதி இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஆறு இலக்க ரகசிய எண் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பையும் (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) அதில் போடுங்கள். யு.பி.ஐ. வேண்டும் என்றால் பென்ஷன் வரும் கணக்கோடு இணைக்காதீர்கள். தனியாக ஒரு சின்னக் கணக்கு திறந்து, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் வையுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. கூச்சப்பட்டுக்கொண்டு தாமதிக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

மத்திய அரசு, ரயில்வே பென்ஷன்காரர்களுக்கு நல்ல போன் இன்னொரு வகையிலும் உதவும். நவம்பரில் உயிர்ச்சான்றிதழுக்காக வங்கியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகப்பதிவுச் செயலியும் இருந்தால் கேமராவில் முகத்தைக் காட்டி வீட்டிலேயே முடிக்கலாம். ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், சீக்கிரம் முடியும்.

பி.பி. மெஷின்

மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டும் வகை. கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு போங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைதான், அதற்கு மேல் என்றால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். காபி குடித்த உடனே பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பதிய, கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பார்க்கும்போது பேச்சு கூடாது. தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தால் டாக்டர் அதைத்தான் கேட்பார்.

அலெக்சாவும் கேமராவும்

அலெக்சா ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறது. தமிழ்ப் பாட்டு கேட்டால் போடும். சுப்ரபாதமும் பழைய பாட்டும் கேட்டு மகிழ்பவர்களுக்கு வாங்கலாம். 108, 112 போன்ற அவசர எண்களுக்கு அது போன் போடாது, ஆபத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

கேமரா விஷயத்தில் என் கருத்து உறுதியானது. அவர்களே கேட்டால் ஒழிய வீட்டுக்குள் வேண்டாம். என் தம்பி பேச்செடுத்தபோது அம்மா கேட்டார்: "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்க உதவும் வீடியோ டோர் போன் வேறு. அந்தத் திரை அம்மாவின் கையில் இருக்கிறது. சிலிண்டர் போடுபவரா, கூரியரா, தெரியாத ஆளா என்று பார்த்துத் திறப்பதா வேண்டாமா என்று அவர்தான் முடிவெடுக்கிறார். அதைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வருபவர்களுக்கு

அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் கொண்டு வாருங்கள். அங்கே கழுத்தில் மாட்டும் அபாய பட்டன்கள் மாதச் சந்தாவில், அங்குள்ள கண்காணிப்பு மையத்தோடு இணைந்தவை, இங்கே அழுத்தினால் கேட்க ஆளில்லை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் மாடல் முதல் சிம் போடும் இடமே கிடையாது. இ-சிம் மாற்ற அம்மாவை அலையவிடாதீர்கள், போனை இங்கேயே வாங்குங்கள். ரிப்பேர் என்றால் தூக்கிக்கொண்டு போக ஒரு கடையும் இங்கே இருக்கும்.

கரண்ட் போனால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகளில் மின்சாரமும் போன் சிக்னலும் சேர்ந்தே போயின. சாதாரண நாளில்கூட, ஃபைபர் இணைப்பு வந்த பிறகு கரண்ட் போனால் லேண்ட்லைனும் செத்துவிடுகிறது. பழைய செம்புக் கம்பி லைன் அப்படி இல்லை, எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்திலேயே ஓடியது. இதற்கு மோடத்துக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. மோடம் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப்பியர் என்று பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். கூடவே ஒரு பவர் பேங்க், ஒரு டார்ச். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விடாமல் ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, போன் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, அவசரம் 112, மின்தடைக்கு மின்னகம் 94987 94987, முதியோர் உதவிக்கு 14567. அதற்கும் மேலே, முதல் வரியில், மாடி வீட்டுக்காரர் எண்.

கடைசியாக, பொருளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை. பில்லையும் வாரன்டி அட்டையையும் ஒரே கவரில் போட்டு, பொருத்திய எலக்ட்ரீஷியன் பெயரையும் எண்ணையும் கவர்மேல் எழுதிப் பீரோவில் வையுங்கள். போட்டோ ஒன்று உங்கள் போனிலும் இருக்கட்டும். சிம்முக்கு ஒரு வருட ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். வேலிடிட்டி முடிந்தால் கொஞ்ச நாளில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும், அவர்களுக்கு அது தெரியக்கூட வராது. யாருமே கூப்பிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் நினைவூட்டல் வையுங்கள், அவர்கள் போனில் அல்ல, உங்கள் போனில்.